தொட்டித் தண்ணீர் ஏன் கலங்கியது?

போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஹாலில் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தார். "சார், எலி கிலி செத்துக் கெடக்குதா பாருங்க" என்றார்.

எலி இல்லை. மீன்தொட்டி. மீன்கள் உயிரோடுதான் இருந்தன. அவற்றின் தண்ணீர்தான் கெட்டுப்போயிருந்தது.

என் மனைவி செல்வி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் — அவளிடம் நான் வாங்கிய திட்டுகளை இந்தப் பத்தியில் பல தடவை படித்திருப்பீர்கள். அவளுக்குப் பிரமோஷன் வந்தது. பிரமோஷன் என்றால் சந்தோஷம்தானே? சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தைத் தென்காசியில் போய் அனுபவிக்கச் சொல்லி ஆர்டர் போட்டுவிட்டார்கள். பையனுக்கு ஏற்கெனவே வெளியூரில் வேலை. ஆக, அடி அண்ணாமலை ஊரில் இருக்கும் வீட்டில் நான் மட்டும்.

கிளம்புவதற்கு முன்னால் என்னையும் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் வைத்தாள். சில ஆரஞ்சு மீன்கள், ஒரே ஒரு கறுப்பு மாலி மீன்.

"வீட்ல ஏதாச்சும் அசைஞ்சுகிட்டு இருக்கட்டும்ங்க. அந்தக் கறுப்பு என்னுது. நான் லீவுல வர்றவரைக்கும் பத்திரமா பாத்துக்கோங்க."

இத்தனை வருடத்தில் அவள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் உயிர் அது. பையனைக்கூட அப்படி ஒப்படைத்ததில்லை.

முதலில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. பிறகு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்தது. அப்புறம் நாற்றம்... பாத்திரம் அழுக்கானால் கழுவுவதில்லையா? மீன்களை வாளிக்கு மாற்றினேன். தொட்டியை முழுக்கக் காலி செய்து, கூழாங்கற்களைத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுத் தண்ணீர் ஊற்றினேன். கண்ணாடி மின்னியது. இரண்டே நாளில் மறுபடியும் கழுநீர். மறுபடியும் கழுவினேன்.

இதற்கிடையில் பௌர்ணமி வந்தது. பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் இருக்கும் வீடெல்லாம் லாட்ஜ்தான். ஆரணியிலிருந்து அக்காவும் மாமாவும் வந்தார்கள். மலையைச் சுற்றி முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்த அக்கா, பையிலிருந்து பொரியை எடுத்துத் தொட்டியில் ஒரு பிடி போட்டாள்.

"என்னக்கா பண்றே?"

"கோயில் குளத்துல போடறதில்லையா? வாயில்லா ஜீவன்டா. மலையைச் சுத்திட்டு வந்து ஒரு பிடி போட்டா புண்ணியம்."

குளம் எவ்வளவு பெரிசு, இந்தத் தொட்டி எவ்வளவு சிறிசு என்று அவளிடம் யார் சொல்வது? மாமா பேரில் ஒரு பிடி, பேரன் பேரில் ஒரு பிடி. பொரி மிதந்தது, ஊறியது, அடியில் போய் உட்கார்ந்தது.

ஆகா, குற்றவாளி கிடைத்தாயிற்று. அக்கா ஊருக்குப் போனதும் மறுபடி எல்லாவற்றையும் கழுவினேன். இனிமேல் பொரி இல்லை, பிரச்னையும் இல்லை... ஆனால் தண்ணீர் கலங்கத்தான் செய்தது. அப்போதுதான் ஒரு காலையில் சிலிண்டர்காரர் வந்தார்; அவர் போனதும் இன்னொரு தடவை கழுவினேன். அன்று சாயங்காலம் கறுப்பு மாலி தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. அவள் வரும்போது அது இல்லாமல் போய்விட்டால்?

செல்வி தினமும் டியூட்டி முடிந்து ஒரு தடவை வீடியோ காலில் கூப்பிடுவாள். அதுவரை என் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன். போனில் நாற்றம் தெரியாது என்பது எவ்வளவு பெரிய வசதி. அன்று தொட்டியைக் காட்டினேன்.

நோயாளியோடு வந்தவரை விசாரிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"தண்ணி எப்ப மாத்துனீங்க?"

"காலையில. முழுசா."

"எப்பவுமே முழுசாவா?"

"அழுக்கா இருந்துதே செல்வி."

"அந்த அழுக்கைத் தின்னுற நல்ல கிருமி கல்லுலயும் ஸ்பாஞ்சுலயும்தான் வளரணும். நீங்க அதை வளரவிடாம கழுவிக் கழுவி ஊத்தறீங்க. வாங்கும்போதே கடைக்காரர் சொன்னாரே, காதுல வாங்கலையா?"

வாங்கவில்லை. அன்றைக்கு இவள் போகப்போகிறாள் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, தீனி எத்தனை வேளை?"

"நான் சாப்பிடும்போதெல்லாம்."

"அப்படின்னா?"

சொன்னேன். காபியோடு உட்கார்ந்தால் மீன்கள் கண்ணாடி ஓரம் வந்து நிற்கும், கறுப்பு முதல் ஆளாக. ஒரு சிட்டிகை போடுவேன். டிபனுக்கு, சாப்பாட்டுக்கு, டீக்கு... எதிரில் நின்று பார்க்கும்போது நாம் மட்டும் எப்படித் தின்பது? அவை கொத்தும், நான் மெல்லுவேன். யாரோடோ சேர்ந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும். மிச்சம் கல்லுக்கு அடியில் போய் அழுகியதை நான் கவனிக்கவில்லை.

செல்வி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"அதுங்க பசியில வர்றதில்லங்க. ஆளைப் பாத்தாலே வரும். ஒரு நாளைக்கு ஒரு தடவ, உடனே தின்னு முடிக்கிற அளவுக்குப் போட்டாப் போதும். கம்மியா போட்டா ஒண்ணும் ஆகாது. ஜாஸ்தியா போட்டாத்தான் ஆபத்து" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நானும் இங்க மெஸ்ல தனியாத்தான் சாப்பிடறேன்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னபடியே செய்தேன். அடியில் அழுகிக் கிடந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். வாளியில் பிடித்து, குளோரின் போவதற்காக ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரால் கால் பங்கை மட்டும் மாற்றினேன். ஸ்பாஞ்சைத் தொடவில்லை. பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதுதான் கஷ்டம். நமக்கு அன்பு காட்டத் தெரிந்த வழி இரண்டே இரண்டு — குளிப்பாட்டுவது, ஊட்டுவது. இரண்டையும் குறைத்தால்தான் இந்த ஜீவன்கள் பிழைக்கின்றன. சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள எங்கெங்கோ வெளிநாட்டிலிருந்து எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்து, செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். உள்ளூர்க்காரனான எனக்கு அதற்கு ஒரு மீன்தொட்டி வேண்டியிருந்தது.

தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. நாற்றம் போய்விட்டது. கறுப்பு மாலி அடிவரை போய் வருகிறது. காபியோடு உட்கார்ந்தால் இப்போதும் எல்லாம் வந்து நிற்கின்றன. நான் ஒன்றும் போடுவதில்லை. அப்படியும் போகாமல் நிற்கின்றன.

செல்விக்கு லீவு இன்னும் கிடைக்கவில்லை. தினமும் ஒரு தடவை கூப்பிடுகிறாள்.

மீனுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை போதுமாம்... எனக்குப் போதவில்லை.