பன்னிரண்டாவது ஆள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது என் கண்ணெதிரே நடந்தது. என் தங்கை மேல் ஆணை. அவள் பெயரைச் சொல்லிப் பொய்ச் சத்தியம் செய்கிறவன் இல்லை நான்.

1893, ஜூன் மாதம், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகம். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்மேடு இருப்பதால் பெரிய கப்பல்கள் உள்ளே வராது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். எங்கள் நீராவி இழுவைப் படகு 'லில்லி' போய்ப் பயணிகளை ஏற்றி வரும். கப்பல் தளத்திலிருந்து பெரிய பிரம்புக் கூடையில் ஆட்களை நிறுத்திக் கயிற்றில் இறக்குவார்கள். கூடைக் கதவைத் திறந்து ஆட்களை எண்ணுவது என் வேலை. மணியை மூன்று முறை அடித்தால் கூடை மேலே போகும். படகில் பன்னிரண்டு பயணிகளுக்குத்தான் அனுமதி. ஒருவர் கூடினாலும் கேப்டன் ஹார்க்கரின் வேலை போய்விடும்.

அன்று வந்த கப்பலில் என் தங்கை நொமலிஸோ இருந்தாள். கேப் டவுனில் மூன்று வருடம் வீட்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாலை 4.40. அலை ஏறிக்கொண்டிருந்தது. முதல் கூடையில் நான்கு பேர். இரண்டாவதிலும் நான்கு. மூன்றாவதில் ஒரு பெரிய பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டதால் நொமலிஸோவை நிறுத்திவிட்டார்கள்.

"மூணு பேரு!" என்று கப்பலிலிருந்து கத்தினார்கள்.

கதவைத் திறந்தேன். நான்கு பேர் இறங்கினார்கள்.

கடைசியாக வந்தவள் செம்மண் நிறப் போர்வையால் தலையை மூடியிருந்தாள். போர்வை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை இல்லை. கூட வந்த மூவரின் துணியும் காய்ந்தே இருந்தது.

"பாத்து வாங்கம்மா" என்று கை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை.

நேராகப் போய்க் கொதிகலன் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தச் சுவரில் ஈரத்துணி பட்டால் ஆவி பறக்கும்.

பறக்கவில்லை.

"அண்ணே! நான் மட்டுந்தான் பாக்கி!" நொமலிஸோ மேலிருந்து கையை ஆட்டினாள்.

ஹார்க்கர் தலைகளை எண்ணினார். "பன்னெண்டு. மணியை அடி."

"இன்னும் ஒரு ஆளு, கேப்டன். என் தங்கச்சி."

"மேல இருக்கறவனுக்குத்தான் எண்ணத் தெரியல, உனக்குமா? அலையைப் பாத்தியா? இதே கப்பல்ல டர்பன் போயிட்டு அடுத்த கப்பல்ல திரும்பி வரட்டும். அடிடா!"

நானும் எண்ணினேன். பன்னிரண்டுதான்.

டங்... டங்... டங்...

காலிக் கூடை மேலே போனது.

"அண்ணே... என்னை விட்டுட்டா போற?"

5.25. மணல்மேட்டைத் தாண்டினோம். திரும்பிப் பார்த்தேன். போர்வைக்காரி தலை குனிந்தபடியே இருந்தாள்.

சொட்... சொட்...

5.50. கரை. ஒவ்வொருவராக இறக்கி எண்ணினேன்.

பதினொன்று.

பெஞ்சு காலி. தொட்டேன். கொதிகலனை ஒட்டியிருந்தும் பலகை ஐஸாக இருந்தது. விரலை நாக்கில் வைத்தேன். உப்பு.

அடுப்புக்குக் கரி போடும் டுமலிசிலே கீழிருந்து ஏறி வந்தான். "எண்ணத் தெரியாதவனைக் கூடைக்குப் போட்டா இப்படித்தான். சொந்தத் தங்கச்சியவே விட்டுட்டு வந்திருக்கான் பாரு!" என்று சிரித்தான். பெஞ்சைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. கீழே போய்விட்டான்.

எட்டாம் நாள் தந்தி வந்தது. கப்பல் டர்பனுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. நான் மண்ணில் விழுந்து அழுதேன்.

அன்றுதான் டுமலிசிலே என் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தான்.

"போன வருசம், உனக்கு முன்னாடி கூடைக்கு இருந்தவன் ஆளு எண்ணும்போது தன்னையும் சேத்து எண்ணிட்டான். பன்னெண்டு ஆச்சுன்னு, இறங்கி வந்த ஒரு பொம்பளையத் திரும்பக் கூடையில ஏத்தி மேல அனுப்பிட்டான். இடம் இருந்துச்சுடா. செம்மண் போர்வை போத்தியிருந்தா."

"அப்புறம்?"

"அந்தக் கப்பலும் டர்பன் போய்ச் சேரல."

இன்றும் நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். கூடை இறங்கும்போதெல்லாம், கப்பலிலிருந்து கத்தும் எண்ணிக்கையைவிட ஓர் ஆள் கூடுதலாக வருகிறதா என்று பார்க்கிறேன். என் நொமலிஸோ நனைந்து வந்தால், ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் உட்கார வைப்பேன்.

மேலே யார் பாக்கி என்று பார்க்க மாட்டேன்.

மூன்று மணி அடித்துவிடுவேன்.