காட்டெருமைக்கு வைத்த கேமரா

கேமரா மாட்டும் தொழிலில் ஏணியில் ஏறுவது பெரிய வேலையே இல்லை; இறங்கி வந்து, "பாஸ்வேர்டை மாத்திக்குங்க" என்று சொல்லிப் புரியவைப்பதற்குள்தான் உயிர் போய்விடும். குன்னூரில் சின்னக் கடை எனக்கு. கேமரா, செல்போனில் திறக்கும் பூட்டு, பேசினால் எரியும் விளக்கு, எல்லாம் மாட்டித் தருகிறேன். உங்கள் வீட்டிலும் இதில் ஒன்றாவது இருக்கும். அதனால் என் புலம்பல் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

குரங்கு குல்லா

கோயமுத்தூர்க்காரர் ஒருவர் லீவுக்கு வந்து தங்க இங்கே வீடு கட்டியிருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ள வேலு என்று ஓர் ஆள். வராந்தாவில் பேசுகிற கேமரா வேண்டும் என்றார் முதலாளி, மாட்டினேன். அன்றிலிருந்து வேலு டீ கிளாஸோடு உட்கார்ந்தால் போதும், "என்ன வேலு, செடிக்குத் தண்ணி உட்டாச்சா?" என்று சுவர் கேட்கும். பாவம், மனிதர் டீயைக்கூட நின்றுகொண்டே குடிக்கப் பழகிவிட்டார்.

கொஞ்ச நாளில் முதலாளியிடமிருந்து எனக்குப் போன். படமே வரவில்லையாம். போய்ப் பார்த்தால் கேமராவுக்குக் கழுத்துவரை இழுத்துவிட்ட குரங்கு குல்லா! சிரிப்பை அடக்கிக்கொண்டு "என்னங்க இது?" என்றேன். வேலுவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பனியிலயே நிக்குதுங்க, சளி புடிச்சுக்கும்னு போட்டு உட்டனுங்க."

பூட்டு எதற்கு?

ஜெகதளா பக்கம் ஒரு தெரு. தேயிலைத் தோட்டத்தை ஒட்டின வீடுகள். காலையில் கதவைத் திறந்தால் தெரு வளைவில் காட்டெருமை நிற்கும். வேலைக்குக் கிளம்பிய ஒருவரை அது தூக்கிப் போட்டு அவர் இடுப்பு உடைந்த பிறகு, தெருவே சேர்ந்து ஒரு கேமரா வாங்கியது. வளைவைப் பார்த்த மாதிரி கம்பத்தில் மாட்டினேன். இப்போது எல்லோரும் போனில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பையே மாட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட்! அதைத் தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து மருமகனுக்கு, சித்தப்பாவுக்கு, எருமை பார்க்க ஆசைப்பட்ட, மலைக்குக் கீழே இருக்கும் சொந்தங்களுக்கு என்று அது போய்க்கொண்டே இருந்தது. தெருவுக்குப் பொறுப்பு மளிகைக்கடை தங்கராசு அண்ணன். வீட்டுக்கு ஒருவருக்கு மட்டும் தனித்தனியாக அனுமதி கொடுக்கலாம் என்று அவரிடம் கெஞ்சாத குறை. பொட்டுக்கடலையைப் பொட்டலம் மடித்துக்கொண்டே அவர் சொன்னார்:

"ஏனுங்க, எருமை நிக்குதான்னு பாக்கறதுக்கு எதுக்குங்க பூட்டும் சாவியும்?"

பச்சைக் குடை

அந்த வளைவில்தான் சாந்தாவின் வீடு. டீ ஃபேக்டரியில் வேலை. அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு, பள்ளிக்கூடம் போகும் மகளோடு இங்கே வந்து குடியேறியவர். அந்தக் கதையைத் தெருவில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்கிற கதையா அது?

ஒரு நாள் என் கடைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கோயமுத்தூரில் இருக்கும் புருஷன் போன் செய்தானாம். "பச்சைக் குடை புதுசா?" என்று கேட்டானாம். அதோடு நிறுத்தவில்லை. "நீ ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் புள்ள தனியாத்தான் இருக்குது போல" என்றும் சொன்னானாம். நான் மாட்டிய கேமரா வழியாகத்தான் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டையும் காலி செய்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார் அந்தம்மா.

கடையைச் சாத்திவிட்டு அவரோடு நேரே தங்கராசு அண்ணனிடம் போனேன். கோபத்தில் எனக்கு வார்த்தை தடித்துவிட்டது. யார் கொடுத்தது பாஸ்வேர்டை என்று கேட்டேன். அண்ணன் மறைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் மனிதர் முகம் செத்துப்போயிற்று.

"புள்ளைய எருமை முட்டிருமோன்னு பயமா இருக்குதுன்னு போன்ல சொன்னாருங்க, ஊட்டுக்காரருதானேன்னு குடுத்துப்போட்டேன்."

கறுப்புக் கட்டம்

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். மாற்றினால் மட்டும் ஆகாது, சாமி! ஏற்கெனவே உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கிற போன்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ள வேண்டும். உங்களில் எத்தனை பேர் அதைச் செய்திருப்பீர்கள்? அடுத்து, கேமராவையே வேறு பக்கம் திருப்பிவிடலாம் என்றேன். சாந்தாதான் வேண்டாம் என்றார். அவர் மகளும் அந்த வளைவைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போகிறாள்! அதனால் படத்தில் அவர் வாசல் வருகிற இடத்தை மட்டும் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தேன். எருமை தெரியும், வாசல் தெரியாது. வீட்டுக்கு ஒரு போனுக்கு மட்டும் அனுமதி. தெருவில் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. மகளிர் போலீஸில் சாந்தா புகார் கொடுத்தபோது தங்கராசு அண்ணன் கூடவே போய், தான் கொடுத்ததைத் தன் வாயாலேயே சொன்னார். பள்ளி விட்டதும் பிள்ளை இப்போது அண்ணன் வீட்டில்தான் படிக்கிறாள்.

ஆனால் அந்த ஆள் சும்மா இருப்பானா? படம் நின்றுபோன சூட்டோடு, புது பாஸ்வேர்ட் கேட்டு அண்ணன் கடைக்கே போன் செய்திருக்கிறான். சாந்தா அப்போது அங்கே சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் என் கடைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"'எருமையையும் நாங்க பாத்துக்கறோம், புள்ளையையும் நாங்க பாத்துக்கறோம், நீங்க போனை வைங்க'ன்னு அண்ணன் சொல்லிப்போட்டாருங்க, நான் ஊட்டைக் காலி பண்ணலைங்க."

மாட்டின கேமராவைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், கொடுத்த பாஸ்வேர்டைத் திரும்ப வாங்கத்தான் ஒரு தெருவே மனசு வைக்க வேண்டியிருக்கிறது.