நீல ஓட்டின் பின்பக்கம்

சென் தெனி என்ற புறநகரில் ஒரு சங்கம் எங்களைப்போல வயதுபோன பெண்களுக்குப் பிரெஞ்சு படிப்பித்தது. லா சப்பலில் எனக்குக் கீழ்மாடியில் இருப்பவளோடுதான் நான் போவேன். என்னைவிடப் பத்து வயது குறைந்தவள். மெத்ரோ ரயில் மாறிப் போகவேண்டும், தனியே போக எனக்குப் பயம்.

ஒருநாள் டீச்சர், நூதனசாலைக்குக் கூட்டிப்போவதாகவும், அங்கே ஏதாவது ஒரு பொருளைப்பற்றி ஒழுங்காக ஒரு வசனம் சொல்பவர் மேல்வகுப்புக்குப் போகலாம் என்றும் சொன்னா. என்னோடு வரும் இவள் வாயாடி. மேலே போய்விடுவாள். பிறகு நான் யாரோடு போவது?

எகிப்துப் பகுதியில் விரல் நீளத்தில் நீல ஓடுகள் இருந்தன. ஒரு ராசாவின் கல்லறைச் சுவரில், பாய் தொங்குவதுபோலத் தெரிய வரிசையாகப் பதித்தவையாம். களிமண் இல்லை, மணலை அரைத்து, நிறத்துக்குச் செம்பு சேர்த்துச் சுட்டதாம். பிரெஞ்சில் ஃபயான்ஸ்.

இவள் எல்லாவற்றுக்கும் "செ ஜோலி" என்றாள். வடிவாயிருக்கு என்று அர்த்தம். சிலைக்கும் அதுதான், பூனைக்கும் அதுதான். டீச்சர் வேறு வசனம் கேட்டதற்கு, "த்ரே ஜோலி" என்றாள், நல்ல வடிவாம்.

அந்த ஓடுகளில் ஒன்றை மட்டும் குப்புற வைத்திருந்தார்கள். பின்பக்கத்தில் கீறல்கள். என்ன இது என்று டீச்சர் கேட்டா. வெடிப்பு என்றார் ஒருவர். சின்னப்பிள்ளைகள் கிறுக்கியது என்றார் இன்னொருவர்.

எனக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. இருபது வருடம் வீட்டிலிருந்து ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் நான். வெட்டிய துணி கட்டாக வரும், உட்பக்கத்தில் சோக்குக் கட்டியால் இலக்கம் போட்டிருக்கும். அது இல்லாவிட்டால் இடக்கை வலப்பக்கம் போய்விடும்.

"என்னக்கா முழுசுறியள்? வாயைத் திறவுங்கோவன்" என்று இவள் இடித்தாள்.

டீச்சரைப் பார்க்காமல் கண்ணாடிக்குச் சொன்னேன்: "செ லு நுமெரோ. பூர் லா பிளாஸ்." இது இலக்கம், எந்த இடம் என்று அறிய.

டீச்சர் பக்கத்தில் இருந்த அட்டையை வாசித்துவிட்டுத் தலையாட்டினா. வேலையாட்கள் போட்ட அடையாளம்தானாம்.

திரும்பி வரும்போது இவள், "ஊமை மாதிரி இருந்து மேலை ஏறிட்டியள், கள்ளி" என்று சிரித்தாள். அவள் சிரித்தாலும் எனக்கு மனம் சரியில்லை.

என்னையும் கீழ்வகுப்பிலேயே விடுங்கள் என்று அடுத்த கிழமை டீச்சரைக் கேட்கப் போனேன். அதைச் சொல்லும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இல்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது அவளுக்கு வகுப்பு செவ்வாய், எனக்கு வியாழன். தனியேதான் போகிறேன். இரண்டு தரம் பிழையான பக்கம் போகும் மெத்ரோவில் ஏறி, இறங்கி, திரும்பி வந்திருக்கிறேன்.