பனிக்குப் பயந்து வாங்கிய ஃபிரிட்ஜ்

ஈர விறகின் புகை கண்ணைக் கரிக்க, எங்கள் வீட்டு அடுப்பைச் சுற்றி அன்று காலையில் உட்கார்ந்திருந்தது நானும் சின்னம்மாவும் மட்டும்தான். அப்பா இல்லை, அம்மா இல்லை, தங்கச்சி கௌசல்யாவும் இல்லை. மூவரும் முந்தின நாள் சாயங்காலமே ஆஸ்பத்திரி வண்டியில் மதுரைக்குப் போயிருந்தார்கள். பத்து வயதாகியும் வத்தலக்குண்டைத் தாண்டியிராத எனக்கு, ஏழு வயதுக்காரி என்னை முந்திக்கொண்டு மதுரையைப் பார்த்துவிட்டாளே என்பதுதான் அன்றைய துக்கம்.

எங்கள் வீடு கொடைக்கானல் நாயுடுபுரத்துக்குக் கீழே, கேரட் பாத்திகள் முடிகிற பள்ளத்தில் இருந்தது. அந்தக் குளிரில் தண்ணீர் என்றாலே நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவளோ ஒரு மாதமாகச் சொம்பு சொம்பாகக் குடித்தாள், குடித்ததையெல்லாம் ராத்திரி பாயிலேயே போனாள், இரண்டு தட்டு சோறு தின்றும் பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தாள். "வளர்ற புள்ளைக்குப் பசிக்கத்தான் செய்யும்" என்று அம்மா தன் பங்கு முட்டையை அவள் தட்டில் வைத்தபோது, நானும் வளர்கிற பிள்ளைதான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கடைசி நாளில் அவளுக்கு மூச்சு இறைத்தது. வாயிலிருந்து, கூடையின் அடியில் நசுங்கிப் புளித்த பிளம்ஸ் பழத்தின் வாசனை வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்த்ததுமே கீழே அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் பிளாஸ்டிக் கிளி இருந்தது, அப்பா கையில் ஊசியும் மருந்தும் இருந்தன. சின்னப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதியா என்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பழனிக்குப் போய்வந்தபோது ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தையும் அவள் ஒருத்தியாக நக்கித் தீர்த்ததன் பலன் இது என்று சின்னம்மா சொல்ல, அப்பா மெதுவாக மறுத்தார்.

"பெரியவுகளுக்கு வர்றது வேற, இது வேறயாம். தின்னதுனால வர்றதில்லையாம், நாம செஞ்ச தப்பும் இல்லையாம். காட்டுமாட்டை வெரட்டக் கட்டிவச்ச நாயி நம்ம கோழியவே கடிச்ச கணக்கா, சீக்கை வெரட்டுற சக்தியே உள்ள இருக்க கணையத்தைக் கடிச்சுப்போட்டுச்சாம். ஏன் கடிச்சுச்சுன்னு டாக்டருக்கே முழுசாத் தெரியல. அங்க ஊறுற இன்சுலினை இனி நாமதான் ஏத்தணும், ஆயுசுக்கும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "கௌசிக்கு வேணும்" என்பது ஒரு சட்டமாயிற்று. முட்டை கௌசிக்கு வேணும், சுண்டல் கௌசிக்கு வேணும். வேடிக்கை என்னவென்றால், சர்க்கரையும் கௌசிக்குத்தான் வேணும். ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானாலோ, ஓடி ஆடிவிட்டாலோ அவளுக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டும், உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்காவிட்டால் மயங்கிவிடுவாள் என்பதால், வீட்டிலிருந்த சர்க்கரை முழுவதும் மருந்தாகி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. நான் கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டு, சர்க்கரை வியாதிக்காரி சர்க்கரை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் முட்டையைவிட, சர்க்கரையைவிட, எனக்கு ஆற்றாமையாக இருந்தது அப்பாவின் கைகளைப் பார்த்துத்தான். பால்போல் கலங்கலான அந்த மருந்தைக் குலுக்கக் கூடாது, உருட்டித்தான் கலக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால், மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைகளுக்கு நடுவில் அந்தச் சின்னக் குப்பியை வைத்து, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல அவர் உருட்டுவார். அந்தக் கைகள் அவ்வளவு பதமாக என்னை ஒருநாளும் தொட்டதில்லை.

மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று மதுரையில் சொன்னபோது, எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லையே என்று அம்மா தயங்கியிருக்கிறாள். எந்த ஊர் என்று கேட்ட டாக்டர், "கொடைக்கானல்ல இருந்துக்கிட்டு ஃபிரிட்ஜ் எதுக்கும்மா" என்று சிரித்தாராம். அதில் எங்கள் வீட்டுக்கே பெருமை. கீழே இருப்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் குளிர் எங்களுக்குச் சும்மா கிடைத்தது. பகலில் வீட்டுக்குள் இருக்கும் மருந்து டப்பாவை, அடுப்புச் சூடு படாமலிருக்க, அப்பா சாயங்காலமானால் ஜன்னலுக்கு வெளியே வைத்துவிடுவார்.

கார்த்திகை வரை எல்லாம் சரியாகத்தான் போனது. மார்கழி பாதியில், பள்ளத்துப் புல் முழுவதும் சுண்ணாம்பு தெளித்ததுபோல உறைபனி விழுந்தது. வெள்ளனே டப்பாவைத் திறந்த அப்பா, "இன்னிக்கு நல்லாக் குளுந்து கெடக்கு" என்று திருப்தியாகச் சொல்லி, கல்லாகியிருந்த குப்பியை வழக்கத்தைவிட நெடுநேரம் உள்ளங்கையில் உருட்டிக் கரைத்து, ஊசி போட்டார். பனி தொடர்ந்தது, உருட்டலும் தொடர்ந்தது.

கௌசிக்குத் தாகம் திரும்பி வந்தது. ரத்தம் பார்க்கும் கருவியில் எண் எகிறியது. கருப்பட்டியைத் திருடித் தின்கிறாள் என்று அம்மா முடிவுகட்டி, வாழ்க்கையில் முதல்முறையாக அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அவள் அழுதாள். எனக்கு அன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது.

இரண்டாம் நாள் அவள் பக்கத்தில் படுத்திருந்த எனக்குத்தான் முதலில் அந்தப் பிளம்ஸ் வாசனை அடித்தது. எழுந்து அம்மாவை உலுக்கினேன். சின்னம்மா ஊரில் இல்லாததால் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். அப்படித்தான் நானும் மதுரையைப் பார்த்தேன்: பச்சைத் துணித் திரை, குழாய் மாட்டிய தங்கச்சியின் கை, பினாயில் வாடை, அவ்வளவுதான். ஒரு நர்ஸ் அக்கா எங்கள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உருட்டியும் கலங்காமல் மருந்து திரிதிரியாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"ஐஸ்ல வச்சீங்களாம்மா?"

"இல்லம்மா, ஐஸுக்கு நாங்க எங்க போறது? சும்மா வெளியிலதான் வச்சோம்" என்றாள் அம்மா.

உறைந்த மருந்து செத்த மருந்து. கரைத்தாலும் அதற்கு உயிர் வராது என்று அவர் விளக்கியபோது, அப்பா தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் கழித்து அவள் கண் திறந்து கேட்டது கிளியை. அதை எடுத்து வந்திருந்தவன் நான். நன்றி சொல்லாமல் பிடுங்கிக்கொண்டாள்.

ஆறாம் வகுப்புக்கு என்னை டவுன் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். கேரட் விற்ற காசில் மிஞ்சியதை அதற்காகக் கடைவீதியில் பழைய சாமான் விற்கும் காதர் பாயிடம் கொடுத்துவைத்திருந்தார். மதுரையிலிருந்து வந்த மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போய், ஏதோ காட்டேஜிலிருந்து வந்திருந்த ஒரு சின்ன ஃபிரிட்ஜைக் காட்டினார்.

"ஏன்யா, ஊரே ஐஸ் பெட்டிக்குள்ளதான கெடக்கு. ஒனக்கு எதுக்குத் தனியா ஒண்ணு?" என்றார் பாய்.

"குளுராக்க இல்ல பாய். குளுரு உள்ள போயிராம இருக்க."

கதையைக் கேட்டதும் பாய் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எந்தப் பணத்தில் கழிப்பது என்று கேட்டார். "தம்பி பணத்துல" என்றார் அப்பா. பாய் என்னைப் பார்த்து, "தம்பி என்ன சொல்றாப்ல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஃபிரிட்ஜின் ஒரு முனையைத் தூக்கியிருந்தார். மறுமுனையைப் பிடிக்க என்னைத் தவிர அங்கே ஆளில்லை.

இப்போது அந்தப் பள்ளத்தில் கேரட் பாத்திகள் இல்லை, காட்டேஜ்கள் இருக்கின்றன. பாயின் கடை இருந்த இடத்தில் சாக்லேட் விற்கிறார்கள். ஜன்னலும் இல்லை, டப்பாவும் இல்லை. அரசுப் பள்ளியில் தமிழில் படித்துப் பட்டம் வாங்கி, திண்டுக்கல்லில் வேலைபார்க்கும் நான் இன்னமும் இங்கிலீஷில் பேச வேண்டுமென்றால் முதலில் மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறேன். கௌசியோ ஒரு ஹோட்டல் வரவேற்பில் நின்றுகொண்டு வெள்ளைக்காரர்களிடம் சரளமாகப் பொரிந்து தள்ளுகிறாள். பேனா மாதிரி இருக்கும் ஊசியைத் தானே போட்டுக்கொண்டு, "ரெண்டு யூனிட் கூடப் போட்டாச் சரியாப் போச்சுண்ணே" என்று என் முன்னால் சாக்லேட் தின்கிறாள். அம்மா போனில் அவளிடம் சாப்பிட்டாயா, ஊசி போட்டாயா என்று கேட்கிறாள். என்னிடம் பணம் போட்டாயா என்று கேட்கிறாள்.

அந்த ஃபிரிட்ஜுக்குப் பாய் எடுத்துக்கொண்டது நாலாயிரத்து முந்நூறு ரூபாய்; என் பெயரில் அவரிடம் சேர்ந்திருந்ததும் அதே நாலாயிரத்து முந்நூறுதான்.