பந்து கையில் இல்லாதவர்

எங்கள் குழாய் ஃபிட்டர் இருபத்தாறு வருட வேலையில் பேசிய பேச்சையெல்லாம் எழுதினால் ஒரு நாற்பது பக்க நோட்டு நிரம்பாது. ஆனால் பேசியதில் ஒரு வார்த்தைகூட வீணில்லை. "இங்க கசியும்" என்பார். கசியும். "இது தாங்கும்" என்பார். தாங்கும். புது மேனேஜர் வரும்வரை அது எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

நான் அந்த வேலைத்தளத்தின் ஆபீஸ் கிளார்க். நாலு மாடி ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தகரக் கூரை போட்ட ஆபீசில் உட்கார்ந்து வருகைப் பதிவு, சிமெண்டு கணக்கு, கூட்டக் குறிப்பு எல்லாம் எழுதுவது என் வேலை. எதிரே குழாய்கள் அடுக்கிய கொட்டகை. ஃபிட்டர் அங்கேதான் இருப்பார்.

ஆள் குட்டை. கை மட்டும் ஆளுக்குப் பொருந்தாத பெரிசு. பத்தொன்பது வயதில் அக்கா வீட்டுக்காரர், "ஒரு வாரம் ஆள் குறையுது, வந்து பைப்பைப் பிடிச்சுக்க" என்று கூட்டிப்போயிருக்கிறார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை என்பது அவர் சொல்கிற ஒரே ஜோக். மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். ஒரே மகள் நர்ஸிங் கடைசி வருடம். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரே அறை. மெஷினுக்குப் பின்னால் திரை, திரைக்குப் பின்னால் கட்டில். குளியலறைக் குழாயை ஒற்றை விரலால் மூட முடிந்தது. "இந்த வீட்ல எந்தக் குழாயும் சொட்டாது தம்பி, உங்கண்ணன் வாய் உட்பட" என்றார் அவர் மனைவி. ஃபிட்டர் சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டினார்.

எங்கள் கம்பெனியில் பதினொரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்தார். அந்த வருடம்தான் நிரந்தர வேலைப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. மாதக் கடைசியில் கையெழுத்தாகும். அதுவரை பெயரில் ஒரு கரும்புள்ளி விழாமல் இருந்தால் போதும். அவர் வாயைத் திறந்து கேட்டதே இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை என் மேசைப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போவார். "இன்னும் வரலண்ணே" என்பேன். "ம்" என்பார்.

அவருக்கென்று ஒரு பாஷை இருந்தது. மனைவி வெட்டிப்போடும் சிவப்புத் துணித் துண்டுகளைப் பையில் வைத்திருப்பார். எந்த வால்வைத் தொடக்கூடாதோ அதன் கைப்பிடியில் ஒரு துண்டைக் கட்டிவிடுவார். பெயிண்டர், கொத்தனார், பம்ப் ஆபரேட்டர் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். சிவப்பு இருந்தால் கை வைக்காதே. கூட்டம் போட்டு யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு வந்தார் எங்கள் மேனேஜர். நாங்கள் வைத்த பெயர் பாசிட்டிவ். எங்கேயோ குளுகுளு அறையில் மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சி முடித்து, சான்றிதழைச் சட்டம் போட்டுக் கையோடு கொண்டுவந்தார். அதை மாட்டுவதற்காக முதலுதவிப் பெட்டியை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் வைத்தோம். "நான் உங்களுக்குத் தலைவன் இல்ல. உங்க சேவகன்" என்றார் முதல் நாள். சேவகருக்குத் தனி நாற்காலி, தனிக் கோப்பை, தனிக் கழிவறை, அதற்குப் பூட்டு.

'பிரச்சினை' என்ற சொல் தடை செய்யப்பட்டது. இனிமேல் அது 'வாய்ப்பு'. கழிவறை அடைத்துக்கொண்டால் வாய்ப்பு, கம்பி வராவிட்டால் வாய்ப்பு. சிவப்புத் துணிகளைப் பார்த்துவிட்டு, "பார்க்க வர்றவங்களுக்கு ஆபத்துங்கற எண்ணம் வருது. எதுவா இருந்தாலும் காலைக் கூட்டத்துல மனசு விட்டுப் பேசலாமே" என்று எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னார். ஃபிட்டர் ஒவ்வொன்றாக அவிழ்த்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்தக் காலைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எட்டரை மணிக்குப் பதினாலு பேர் வட்டமாக நிற்போம். மேனேஜர் கையில் ஒரு மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்து. அவர் யாரிடம் வீசுகிறாரோ அவர் மட்டும் பேசலாம். முதலில் ஒரு நல்ல செய்தி, பிறகு ஒரு நன்றி, பிறகு பந்து திரும்ப அவரிடம். பத்தாவது நிமிடம் எல்லோரும் கைதட்டிக் கலைவோம். சிமெண்டும் வியர்வையும் சளியும் ஊறி ஒரே மாதத்தில் அந்தப் பந்து பிசுபிசுவென்று ஆகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் எங்கள் சேவகர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து, எங்கள் முன்னாலேயே கையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பார்.

ஃபிட்டர் பந்தைப் பிடித்தால், "ரெண்டாவது மாடி லைன் சாய்வு பத்தாது" என்று நேராக ஆரம்பிப்பார். நல்ல செய்தியும் இல்லை, நன்றியும் இல்லை. மேனேஜரின் முகம் புளித்துப்போகும். இரண்டு வாரம் பார்த்தார். அப்புறம் ஃபிட்டர் பக்கம் பந்தே போகவில்லை. நல்ல செய்தி சொல்லத் தெரிந்த பெயிண்டிங் கான்ட்ராக்டரிடம் தினமும் போயிற்று. அந்த ஆள் சுவருக்கு மூன்று பூச்சுக்குப் பதில் இரண்டு அடித்துவிட்டு மூன்று நன்றி சொல்வார்.

அன்று செவ்வாய்க்கிழமை. தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் வருகிறார். பத்து மணிக்கு மொட்டைமாடித் தொட்டியைத் திறந்து நாலு மாடிக்கும் தண்ணீர் விட்டுக் காட்டவேண்டும். முந்தின நாள் சாயங்காலம், மேனேஜர் கடைசி நிமிடத்தில் மாற்றச் சொன்னதால், மூன்றாவது மாடி மெயின் லைனை அறுத்து ஃபிட்டர் புதிதாக ஒட்டியிருந்தார். அந்தப் பசை காய ஒரு முழு நாள் வேண்டும். இது அவருக்குத் தெரியும். எட்டரைக் கூட்டத்தில் அதைச் சொல்லத்தான் நின்றார்.

பந்து பெயிண்டரிடம் போயிற்று, மின்சாரக்காரரிடம் போயிற்று, மறுபடி பெயிண்டரிடம் போயிற்று. ஃபிட்டர் கையைத் தூக்கினார். பலனில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் வாயைத் திறந்துவிட்டார்.

"சார், மூணாவது மாடியில தண்ணி விடக்கூடாது. ஒட்டு காயல."

மேனேஜர் தலையைச் சாய்த்துப் புன்னகைத்தார். "அண்ணே, பந்து எங்கே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாக, பல் தெரியச் சிரித்தேன். ஃபிட்டர் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டார். கைதட்டிக் கலைந்தோம்.

அவர் அதோடு விடவில்லை. பம்ப் ஆபரேட்டரிடம் போனார். "சார் சொன்னா நிறுத்தறேன்ணே. நானா நிறுத்தினா என் சீட்டுக் கிழிஞ்சிடும்" என்றார் அவர். வெள்ளை ஹெல்மெட்டோடு கேட்டில் நின்ற மேனேஜரிடம் ஃபிட்டர் ஓடினார். டைரக்டரின் கார் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. "நாளைக்கு மீட்டிங்ல எடுத்துக்கலாம்ணே" என்று உள்ளங்கையைக் காட்டினார் மேனேஜர். மணி பத்தாக ஐந்து நிமிடம். ஃபிட்டர் படியேறி ஓடுவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்காலியை விட்டு எழவில்லை.

தண்ணீர் வந்தபோது ஒட்டு பிரிந்தது. மூன்றாவது மாடியிலிருந்து கொட்டி, இரண்டாவது மாடி ஸ்கேன் அறையின் கூரைப் பலகைகள் மொத்தமாகச் சரிந்தன. டைரக்டர் மேலே போய்ப் பார்த்தபோது, பிரிந்த குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கால்வரை நனைந்து ஓர் ஆள் நின்றிருந்தார். உடைந்த குழாயோடு கையும் களவுமாகப் பிடிபட்டது போல இருந்தது அது.

மதியம் ஆபீசில் விசாரணை. டைரக்டர், மேனேஜர், ஃபிட்டர், குறிப்பு நோட்டோடு நான்.

மேனேஜர் தன் பயிற்சியில் கற்றபடி பேசினார். முதலில் ஒரு பாராட்டு: "ரொம்ப நல்ல உழைப்பாளி சார்." நடுவில் கத்தி: "ஆனா விஷயத்தை உரிய இடத்துல சொல்ற பழக்கம் இல்ல. தினமும் கூட்டம் போடறோம். யார் வேணும்னாலும் பேசலாம். இன்னைக்கும் இவரு எதுவும் சொல்லல, குறிப்பு இருக்கு." கடைசியில் மறுபடி பாராட்டு: "மத்தபடி தங்கமான மனுஷன்." குரலில் அப்படி ஒரு தேன். காதைக் கழுவிக்கொள்ளலாம் போலிருந்தது.

டைரக்டர் ஃபிட்டரைப் பார்த்தார். "சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"யார்கிட்ட? எப்படிச் சொன்னீங்க?"

ஃபிட்டரின் வாய் அசைந்தது. இருபத்தாறு வருடம் குழாயிடம் பேசியவர். கடைசியில், "சொன்னேன் சார்" என்று அதையே திரும்பச் சொன்னார்.

டைரக்டர் நோட்டை வாங்கிப் புரட்டினார். பந்து வைத்திருந்தவர்கள் பேசியதை மட்டும் எழுதச் சொல்லி எனக்கு உத்தரவு. அப்படியேதான் எழுதியிருந்தேன். "கூட்டத்துல பேசினது எல்லாம் இதுல இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நிரந்தரப் பட்டியலில் மூன்றாவது பெயர் என்னுடையது.

"இருக்கு சார்" என்றேன்.

அவ்வளவுதான். 'தகவல் தொடர்புத் திறன் போதாமையால்' என்று தொடங்கும் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். பதினொரு வருடம் அரைப்பக்கத்தில் முடிந்தது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை வேறு சரிபார்த்தேன். என்னைவிட அசிங்கமான பிறவி அந்த ஆபீசில் மேனேஜர் ஒருவர்தான். அதுவும் இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றிருந்தார். சட்டை இன்னும் சரியாகக் காயவில்லை. கருவிப் பையைக் காலிடுக்கில் வைத்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோகப் பார்த்தேன்.

"தம்பி" என்று கூப்பிட்டார். "ஒண்ணு கேக்கணும். காலையில நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

கேட்டது. பதினாலு பேருக்கும் கேட்டது. 'ஆமாம்ணே' என்று சொன்னால், ஏன் வாயை மூடிக்கொண்டாய் என்று அடுத்துக் கேட்பார்.

"இல்லண்ணே" என்றேன். "நான் எதிர்ப்பக்கம் நின்னேன்ல. சரியா கேக்கல."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. காலையிலிருந்து புரியாமல் இருந்த ஏதோ ஒன்று புரிந்துவிட்டதைப் போலத் தலையை ஆட்டினார்.

"அதானே பார்த்தேன். கேட்டிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?" என்று என் தோளைத் தட்டினார். "தப்பு என்மேலதான் தம்பி. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும்."