மூன்றடி மீன்தொட்டி

எங்கள் வீட்டு மீன்கள் முதல் எட்டு மாதம் ஊறுகாய் ஜாடியில் வாழ்ந்தன. எலுமிச்சங்காய் போடுவதற்காக அம்மா ஆசையாக வாங்கி வைத்திருந்த பெரிய கண்ணாடி ஜாடி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜமா மசூதிப் பக்கம் போன சித்தப்பா, இரண்டு தங்க மீன்களை பாலிதீன் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றார். வீட்டில் அவ்வளவு வாய் அகலமான பாத்திரம் வேறு இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஜாடியைக் கழுவிக் கொடுத்தாள். அந்த வருஷம் ஊறுகாய் போடவில்லை. யாராவது கேட்டால், "ஜாடி காலி இல்ல" என்பாள்.

எழுபதுகள் முடியும் சமயம் அது. தில்லி மோதி பாக்கில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த சர்க்கார் குவார்ட்டர்ஸில் முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, சமையலறை, பின்னால் சின்னதாக ஒரு முற்றம். அப்பா ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா. அடுத்த தரத்து வீட்டுக்கு மனுப் போட்டுவிட்டு, தன் முறை எப்போது வரும் என்று வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அவருடைய ஒரே தம்பி. திருச்சியிலிருந்து வேலை தேடி வந்தவர். "ரெண்டு மாசம், அதுக்குள்ள ஏதாவது கிடைச்சிரும் அண்ணி" என்று சொல்லி டிரங்குப் பெட்டியை இறக்கியவருக்கு எங்களோடு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் எழுதாத பரீட்சை இல்லை. கரோல் பாக்கில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டார். இந்தி நன்றாகவே வந்துவிட்டது. வேலைதான் வரவில்லை.

தில்லியில் ஒரு வசதி உண்டு. ஏப்ரல் பிறந்தால் யாரும் அறைக்குள் படுக்க மாட்டார்கள். கட்டில்களை முற்றத்தில் வரிசையாகப் போட்டுவிடுவோம். ராத்திரி மழை பிடித்துக்கொண்டால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும், அவ்வளவுதான். தீபாவளி நெருங்கும்போது கட்டில்கள் உள்ளே வரும். அப்பா, அம்மா, நான் மூவரும் உள்ளறையில். சித்தப்பாவின் நாடா பின்னிய நவார்க் கட்டில் முன்னறையில், உள்சுவரை ஒட்டி. அதற்கடியில் டிரங்குப் பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சவரக் கண்ணாடி. ஹோலி வரைக்கும் அந்தச் சுவர் அவருடையது.

உள்ளறை வாசலுக்குக் கதவு இல்லை, திரைதான். அந்த நான்கைந்து மாதமும் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு புடவை மாற்றுவாள். பகலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால், முன்னறையில் ஓர் ஆண்பிள்ளை படுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதால் வாசல்படியிலேயே நின்று பேசி அனுப்பிவிடுவாள். இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. சித்தப்பாவின் தட்டில் முதல் தோசை விழாத நாளும் கிடையாது. அப்பாவும் பேசியதில்லை. பேசாமல் இருப்பதில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. குளிருக்கு முன்னால் வேலை கிடைத்துவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். கிடைக்காவிட்டால் மறுபடி அந்தச் சுவரோரம் கட்டில் விழ வேண்டும். மூன்றாவது குளிர்காலம் வந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒன்பது வயது. என் கவலையெல்லாம் ஜாடியைப் பற்றியது. மீன்கள் இரண்டும் நன்றாகக் கொழுத்துவிட்டன. ஒன்று திரும்ப வேண்டுமென்றால் மற்றொன்று வழிவிட வேண்டியிருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் இரண்டும் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருக்கும். அவற்றுக்குப் பசி என்று நினைத்து நான் பிரெட்டைப் பிய்த்துப் போடுவேன். தண்ணீர் இன்னும் கெட்டுப்போகும். செத்துப்போய்விடும் என்று நான் அழுதது மாடிவரை கேட்டிருக்க வேண்டும். மேல்வீட்டு வங்காளி அங்கிள் ஒருநாள் இறங்கிவந்து ஜாடியைப் பார்த்தார். தினம் இரண்டு வேளையும் மீன் சாப்பிடுகிறவர். ஆனால் தண்ணீரில் நீந்துகிற மீனைப் பற்றிப் பேசும்போது சொந்தப் பிள்ளையைச் சொல்வதுபோல் உருகுவார்.

அவருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் ஆகியிருந்தது. தன்னுடைய மூன்றடி நீளத் தொட்டியை ரயிலில் கொண்டுபோக முடியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார். இரும்புச் சட்டத்தில் கண்ணாடிகளைப் பொருத்தி, இடுக்கெல்லாம் புட்டிப் பசை வைத்து அடைத்த தொட்டி. கூடவே இரும்புக் கால்கள். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சித்தப்பாவிடம் ஒரு மணி நேரம் இந்தியில் பாடம் நடத்தினார். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, ஒரு நாள் பிடித்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும். வெயில் நேராகப் படுகிற இடத்தில் வைத்தால் பாசி பிடிக்கும். நிரப்பிய பிறகு நகர்த்தவே கூடாது, புட்டி விட்டுப்போகும். சித்தப்பா இதையெல்லாம் எனக்குத் தமிழில் சொல்லித் தந்தார். நான் பள்ளிக்கூடத்தில் போய் மூன்று பேருக்குச் சொன்னேன். தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருக்க முடியாத வயது.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பாவும் அங்கிளும் இன்னும் இரண்டு பேருமாகத் தொட்டியை இறக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கே வைப்பது என்று நின்றார்கள். முன்னறையில் ஒரு பக்கம் வாசல். ஒரு பக்கம் அப்பாவின் மேஜையும் பீரோவும். கிழக்கே ஜன்னல், அதன் கீழே மூன்று நாலடி இடம்தான், காலை வெயில் தாராளமாக உள்ளே விழும். உள்சுவர் மட்டும் வெறிச்சென்று இருந்தது, ஏனென்றால் அது செப்டம்பர் மாதம், கட்டில்கள் எல்லாம் முற்றத்தில் கிடந்தன. செப்டம்பரில் அளந்தால் எங்கள் வீடு பெரிய வீடு. "அங்க வைங்க, அங்கதான் எடம் இருக்கு" என்று அம்மா அந்தச் சுவரைக் காட்டினாள். கட்டில் விஷயம் அவளுக்கு மறந்துபோயிருக்கலாம். வீட்டில் கடுகு தீரப்போவதை மூன்று நாள் முன்னாலேயே அறிந்துவைத்திருக்கிறவள் அவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம், அதற்குள் மீன்களைப் புதுத் தொட்டியில் விட்டுவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். மனிதர்களுக்கு இல்லாத நல்ல நேரம் மீனுக்கு எதற்கு என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தார். ஆனாலும் மணியை அவர்தான் பார்த்துச் சொன்னார். முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரைச் சித்தப்பா பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து ஊற்றினார். ஜாடியை அப்படியே சாய்த்து மீன்களை விட்டார். இரண்டும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையவே இல்லை. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவற்றுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

"புது வீட்டுக்குப் போயிருக்காங்க. பால் காய்ச்ச வேண்டாமா?" என்றார் சித்தப்பா.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். அம்மாகூடச் சிரித்தாள். கேசரி கிளறிக்கொண்டிருந்தவள், எல்லோரையும் டிபன் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வருஷம்தான் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வீட்டுப் பால் காய்ச்சும் விசேஷத்துக்குப் போயிருந்தோம். பால் காய்ச்சாமல் குடிபோனால் வீடு விளங்காது என்று அங்கே யாரோ பேசியது என் காதில் விழுந்திருந்தது. அடுப்புப் பக்கத்தில் எனக்காக ஆற வைத்திருந்த பால் ஒரு பெரிய டம்ளர் நிறைய இருந்தது. அவர்கள் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தபோது ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைத் தொட்டியில் முழுசாக ஊற்றிவிட்டேன். கன்னத்திலும் போட்டுக்கொண்டேன்.

தண்ணீர் வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு, பிறகு மொத்தமும் கலங்கியது. மீன்கள் கண்ணுக்கே தெரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"ஏண்டி, சாமிக்கு அபிஷேகமா பண்றே?" என்று அம்மா கையை ஓங்கினாள்.

"விடுங்க அண்ணி, தப்பு என் மேல. நான்தான சொன்னேன்" என்று சித்தப்பா குறுக்கே வந்தார். கையைத் தோள்வரை உள்ளே விட்டு, டீ வடிகட்டியால் துழாவி, மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஜாடிக்கே திருப்பி அனுப்பினார். பிறகு ரப்பர் குழாயின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் போட்டு மறு நுனியை வாயால் உறிஞ்சினார். ஒரு வாய் பால் தண்ணீர் அவர் வயிற்றுக்குள் போயிற்று. முகத்தைச் சுளித்தவர், "சர்க்கரை கம்மி" என்றார். தொட்டி காலியாக அரை மணி பிடித்தது. ஈரத்துணி போட்டு நாலு தடவை துடைத்தார். ஊற்றுவதற்குக் குளியலறை டிரம்மில் முந்தின நாள் தண்ணீர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டால் அன்று யாருக்கும் குளியல் இல்லை. சரி, மீன்கள் பிழைக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

சித்தப்பா துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, காலித் தொட்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணி, இப்ப காலியாத்தான இருக்கு. ஜன்னலுக்குக் கீழ நகர்த்தி வெச்சிரலாமா? குளிர் வந்தா இங்க எனக்குக் கட்டில் போடணும்ல."

அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் முகம் பேப்பருக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆமாம், கட்டில் போட வேண்டுமே என்று அம்மா சொல்லியிருக்கலாம். இருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடித்திருக்குமோ, அதற்கு நான் சந்தர்ப்பமே தரவில்லை.

"அங்க வேண்டாம் சித்தப்பா! வெயில் படும். பாசி பிடிச்சு மீனெல்லாம் செத்துப்போயிரும். நீங்கதான சொன்னீங்க? தொட்டி இங்கதான் இருக்கணும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் அப்பாவின் பேப்பரைப் பார்த்தார். பேப்பர் அசையவில்லை.

"பாப்பா சொல்றதும் சரிதான்" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

"அச்சா, மேடம் சொன்னா அப்பீல் ஏது" என்று சித்தப்பா எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் பக்கெட்டை எடுத்தார். டிரம்முக்கும் தொட்டிக்குமாக எத்தனை நடை நடந்தாரோ, நான் எண்ணவில்லை. தண்ணீர் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே வந்ததும் மீன்களை விட்டார். இந்தத் தடவை இரண்டும் கூச்சப்படாமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பின. நான் கைதட்டினேன்.

பத்து நாளில் அவர் கொஞ்சம் தள்ளி முனிர்காவில் ஓர் அறை பார்த்துக்கொண்டார். நம்மூர்ப் பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், சேர்ந்து படிக்கலாம் என்று சொன்னார். "இங்க என்னடா குறைச்சல்?" என்று அப்பா ஒரு தடவை கேட்டார். இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஆட்டோவில் டிரங்குப் பெட்டியும் மடக்கிய கட்டிலும் ஏறின. ஞாயிறுதோறும் வந்து தொட்டித் தண்ணீரை மாற்றித் தருவதாகச் சொன்னவர், சொன்னபடி பல ஞாயிறுகள் வந்தார். பிறகு பம்பாயில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. எத்தனையோ முறை தில்லி வந்து அம்மாவின் கையால் சாப்பிட்டிருக்கிறார். ஒரு ராத்திரிகூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை. என்னிடம் அவர் பிரியத்துக்குக் கடைசிவரை குறைவே இருக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அம்மாவையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை வருஷம்தான் ஒருத்தி புடவை மாற்றுவாள்?

இதெல்லாம் பின்னால் நான் கூட்டிக் கழித்துத் தெரிந்துகொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். ஒரு டம்ளர் பாலைப் பாழாக்கியிருக்கிறேன், சித்தப்பா அந்தப் பக்கம் போனதும் முதுகில் நிச்சயம் விழும். ஆகவே, மறுபடி டிபனுக்குக் கூப்பிட்டபோது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அம்மா அடிக்கவில்லை. பாலைப் பற்றிப் பேசக்கூட இல்லை. முந்திரி நிறைய இருந்த பக்கமாகப் பார்த்துக் கேசரியை எடுத்து என் தட்டில் வைத்தாள். போகிற போக்கில் என் தலையையும் ஒரு தடவை தடவினாள். தலையைத் தடவிக் கொஞ்சுகிற ரகம் இல்லை அவள். மீனைப் பற்றி நான் அவ்வளவு விவரமாகப் பேசினேனே, அதில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.