வேதசாட்சியின் சிவப்பு அங்கி

பிலோமினாக்காவை ஏமாற்றுவது சுலபம் என்று இரஞ்சிதத்துக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பிலோமினாக்கா என் பக்கத்து வீட்டுக்காரி. கடல் கடந்து வந்து செவன் ஹில்ஸில் பிஸ்கற் பக்டரியில் வேலை செய்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அடுத்த வருடமே புருஷன் சூசைப்பிள்ளையை இந்த மண்ணில் புதைத்தாள். அவர் ஊர்க் கோயில் கூத்தில், வேதத்துக்காக உயிர்விட்ட புனிதராக, வேதசாட்சியாக ஆடியவர். அப்போது அவர் போட்ட சிவப்பு வெல்வெற் அங்கியைச் சூட்கேசில் பூச்சியுருண்டை போட்டு வைத்திருந்தாள். ஒருவரையும் தொடவிடமாட்டாள்.

எழுபத்தேழு ஒக்ரோபரில் இரஞ்சிதம் அக்கா வீட்டுக்கு வந்தாள். ஒரே ஊர், ஒரே கோயில், கூடப்பிறக்காத தங்கை.

"அக்கா, கோயில் ஹோலிலை ஹலோவீன் வைக்கினம். அண்ணையின்ரை அங்கியைத் தாறீங்களே?"

"அங்கி எதுக்கடி? ஹலோவீன் எண்டால் சகல அர்ச்சிஷ்டவர்களின்ரை திருநாளுக்கு முந்தின மாலை. அதுக்கு அடுத்த நாள் ஆத்துமாக்கள் திருநாள். இடையிலை பேய்க்கு என்ன வேலை எண்டு பக்டரியிலை நான் வாய் நோகச் சொல்லுறனான்."

"அதுதானக்கா! அர்ச்சிஷ்டவர்களின்ரை நாடகம். அண்ணை ஆடின மாதிரி ஒரு புனிதர்."

நாடகம் என்றதும் அக்கா உருகிப்போனாள். ஊரில் திருநாளென்றால் கூத்துத்தானே! அங்கியை ஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "அவர் திரும்ப மேடை ஏறுறார்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

ஹலோவீன் மாலை அவளுடன் நானும் போனேன். மேடையில் தலையில் கொம்பும் கையில் சூலமுமாக ஒரு சாத்தான் துள்ளிக்கொண்டிருந்தது. உடம்பில் சூசையண்ணையின் அங்கி. பின்னால் வால் வேறு தைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவன் இரஞ்சிதத்தின் புருஷன் அருளப்பு. அண்ணையின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன்! சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நீ அறிஞ்சுதான் கேட்டனியோ?" என்றாள் அக்கா.

"சொன்னால் தந்திருக்கமாட்டியள். சும்மா பகிடிதானே அக்கா."

அக்கா எழும்பி வெளியே நடந்தாள். வீடு வரும்வரை அழுதாள்.

மறுநாள் திருநாள் பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் இரஞ்சிதம் கையை நீட்டினாள். அக்கா தன் கையைக் கொடுக்கவில்லை.

"நாளைக்கு ஆத்துமாக்கள் திருநாள், சேமக்காலைக்கு அவரின்ரை கல்லறைக்குப் போறன். நீயும் புருஷனும் வாங்கோ. முதல் அவரிட்டை மன்னிப்புக் கேளுங்கோ, பிறகு என்னட்டை வாங்கோ."

மறுநாள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வாசலைப் பார்த்தபடி நின்றாள். நானும் அவளும் இருட்டும்வரை நின்றோம். ஒருவரும் வரவில்லை.